மூன்று மணிக்கு ஒரு நேயர்

எனக்கு மூன்று சின்ன வீடு என்று என் மனைவி யாரிடமும் கூசாமல் சொல்வாள். கேட்பவர்கள் திகைத்துப் போய் என்னை மேலும் கீழும் பார்த்த பிறகுதான் விளக்கம் வரும். முதலாவது, வெப்சைட் செய்வது. இரண்டாவது, இணைய ரேடியோ. மூன்றாவது, பேட்டையில் எங்கே நாலு பேர் கூடிச் சமைத்தாலும் அங்கே போய் நிற்பது. "இவருக்கு வீட்டுக்காரின்னு ஒருத்தி இருக்கறது பசிக்கும்போதுதான் ஞாபகம் வரும்" என்று முடிப்பாள். மூன்றாவது சின்ன வீடு வந்த பிறகு அதுவும் வருவதில்லை என்பேன் நான். எல்லோரும் சிரிப்பார்கள். அப்போதெல்லாம் எங்கள் வீட்டில் சிரிப்புக்குப் பஞ்சம் இல்லை.

பிழைப்புக்கு நான் ஓர் அச்சகத்தில் மாத்திரை டப்பாக்களின் அட்டையை வடிவமைக்கிறவன். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. ஓர் எழுத்து அரை மில்லிமீட்டர் தள்ளி விழுந்தாலும் மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைக் கூப்பிடுவார். அந்த இறுக்கத்திலிருந்து தப்பிக்கத்தான் வெப்சைட் பக்கம் போனேன். அங்கே எந்த எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்பது என் இஷ்டம். ஒவ்வொரு வரியையும் நானே எழுதினேன். ரெடிமேடாகக் கிடைப்பதை எடுத்து ஒட்டிவிட்டு 'நானும் டிசைனர்' என்று திரிகிறவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் வெப்சைட் எங்கள் பேட்டையின் கூட்டு விருந்துக்கானது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, நூலகத்தின் பின்முற்றத்தில், வீட்டுக்கு ஓர் உணவு. முதல் மாதம் பதினொரு வீட்டிலிருந்து கேக் வந்தது. சோறு ஒரு பருக்கை இல்லை. அதற்குப் பிறகுதான் யார் என்ன சமைக்கிறார்கள், யார் எந்த நாற்காலியில் உட்காருகிறார்கள் என்றெல்லாம் முன்கூட்டியே பதிகிற மாதிரி ஒரு பக்கம் செய்தேன். அப்புறம் ரேடியோ. நூலகத்தின் சாமான் அறையில் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரையும் மைக்கையும் வைத்துக்கொண்டு அங்கிருந்தே நேரடி ஒலிபரப்பு. சமைத்தவர்களைக் கூப்பிட்டு வம்புக்கு இழுப்பேன். வெளியே சுவரில் இரண்டு ஸ்பீக்கர். என் ரேடியோ இணையத்தில் போய்ச் சுற்றிவிட்டு அரை நிமிடம் தாமதமாக அந்த ஸ்பீக்கரில் வரும். என் ஜோக்குக்கு நான் அறைக்குள் சிரித்து முடித்த பிறகு வெளியே ஜனங்கள் சிரிப்பார்கள். அந்த அரை நிமிடம்தான் என்னைத் தொலைத்தது.

மூன்று வருடத்துக்கு முன் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஒரே மகள், பாப்பா என்றுதான் இன்னும் கூப்பிடுகிறோம், கல்யாணமாகி இரண்டு வருடம், கையில் ஒரு பையோடு சாமான் அறைக் கதவைத் திறந்து வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததும் மனைவியைக் கூப்பிட்டேன். ஒரு பாட்டைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன். பாட்டைப் போட்டேன், மைக்கை அணைக்கிற ஸ்லைடரைக் கீழே இறக்கவில்லை. எப்போதும் செய்கிற காரியம், கை தானாகச் செய்துவிடும் என்று நினைத்தேன். கை செய்யவில்லை.

அவள் சொன்னதை இங்கே எழுத எனக்குக் கை வராது. அவன் அடிப்பான் என்பது அதில் சின்ன விஷயம். யாரிடமும் சொல்லாததை எங்களிடம் சொன்னாள். நாங்கள் என்ன செய்தோம்? "இதையெல்லாம் வெளியில சொல்லலாமாடி? ஊரு என்ன சொல்லும்?" என்றாள் என் மனைவி. நான் அதற்கும் ஒரு படி மேலே போனேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். யார் மேல் வர வேண்டிய கோபமோ அவன் எதிரில் இல்லை, மகள் எதிரில் இருந்தாள். "ரெண்டு வருஷம் பொறுத்தவ இன்னும் கொஞ்சம் பொறுத்தா என்ன? வந்த வழியே திரும்பிப் போ" என்றேன்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தோம். முற்றத்தில் அறுபது பேர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். ஒருவரும் மெல்லவில்லை. அப்போது சுவரிலிருந்து, பாட்டுக்கு மேலே, என் குரல் சத்தமாக, தெளிவாகச் சொன்னது: "வந்த வழியே திரும்பிப் போ."

பாப்பா அந்த ஸ்பீக்கரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேஜைகளுக்கு நடுவே நடந்து போய்விட்டாள். அவளுக்கு வழி விட்டவர்களில் ஒருவர் கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவள் மாற்றிய போன் நம்பர் எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு வாரம் கழித்து என் அக்கா போன் செய்தாள். "அவ புருஷன் வீட்டுக்கும் போகல, உன் வீட்டுக்கும் வரமாட்டா. துறைமுகப் பட்டணத்துல வேலை தேடிக்கிட்டா. நம்பர் கேக்காத, தரமாட்டேன். பெத்தவங்களாடா நீங்க?" என்றாள். தப்பு செய்தவனுக்குத்தான் வீராப்பு அதிகம். "எங்க குடும்ப விஷயத்துல நீ தலையிடாதே" என்று தாம்தூம் என்று குதித்துவிட்டு போனை வைத்தேன். அதோடு அக்காவிடமும் பேச்சு நின்றது.

ரேடியோவை மூடினேன். விருந்துக்குப் போவதையும் நிறுத்தினேன். மனைவி கண் மருத்துவமனை வரவேற்பில் வேலை முடிந்து வருவாள், சமைப்பாள், இருவரும் ஆளுக்கொரு மூலையில் சாப்பிடுவோம். உப்பு போதுமா என்பதற்கு மேல் பேச்சு இல்லை. இரண்டரை வருடம் இப்படி ஓடியது. எப்படி ஓடியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இந்த வருடம் அச்சகத்தில் என் வேலை நேரத்தை மாற்றினார்கள். இரண்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். அந்த வீட்டில் பட்டப்பகலில் சும்மா உட்கார்ந்திருக்க எனக்குப் பயமாக இருந்தது. பாப்பாவின் அறையில் மிக்ஸரைத் தூசு தட்டி வைத்து, தினமும் மூன்றிலிருந்து நாலு மணி வரை ரேடியோவை மறுபடி ஆரம்பித்தேன். புதிதாக ஆரம்பித்த ஜோரில், இலவசம் என்று கண்ணில் பட்டதில் எல்லாம் பெயரைப் பதிந்தேன். எத்தனை பேர் கேட்கிறார்கள், எந்த ஊரிலிருந்து என்று காட்டுகிற ஒரு பக்கத்தை நானே அழகாகச் செய்தேன். முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாள் மூன்று மணிக்கு, துறைமுகப் பட்டணம், ஒன்று.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். பாட்டுக்கு நடுவே என்ன பேசினேன் என்று தெரியவில்லை. நாலு மணிக்கு ஒலிபரப்பு முடிந்ததும் அந்த ஒன்று மறைந்தது. மறுநாள் மூன்று மணிக்கு மறுபடி வந்தது. அதற்கு மறுநாளும். ஐந்தாம் நாள்தான் மனைவியிடம் சொன்னேன். அவள் கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல் திரையில் அந்த நாட்களின் கணக்கைப் பார்த்தாள்.

"அவளா?"

"வேற யாரு? அந்த ஊர்ல நமக்குன்னு வேற யாரு இருக்கா? மூணு மணிக்கு டாண்ணு வர்றா. கடைசி வரைக்கும் இருக்கா. ஒரு நிமிஷம் முன்னே பின்னே இல்ல."

"அவ சின்ன வயசுலேருந்தே அப்படித்தானே" என்றாள் மனைவி. அவள் குரல் உடைந்து மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் கேட்டேன்.

ரேடியோவைச் சக்களத்தி என்று வைதவள், மறுநாள் மருத்துவமனையில் நேரத்தை மாற்றிக்கொண்டு இரண்டே முக்காலுக்கு வந்து மைக் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் என்ன பேசுவது என்று தெரியாமல் சூப் வைப்பது எப்படி என்று சொன்னாள். அப்புறம் அவளை நிறுத்தவே முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது, தன் கடைவாய்ப் பல் போனது, டாக்டர் தன்னைத் திட்டியது, நான் குறட்டை விடுவது எல்லாம் ஒலிபரப்பானது. தண்ணீர் குடிக்க அவள் நிறுத்தினால் நான் உடனே பாட்டைப் போடுவேன். ஒரு வினாடி சும்மா விட்டாலும் பாப்பா போய்விடுவாள் என்று எங்களுக்குப் பயம். மைக்கை அணைத்த பிறகும் மனைவி முகத்தில் வெளிச்சம் இருக்கும். வீட்டில் பேச்சு வந்தது. ஒருநாள் சமையலறையில் பாட்டு முணுமுணுத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு முகத்தைக் கழுவிக்கொள்ளப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அவள் சூப்பைப் பற்றியும் பூனையைப் பற்றியும் பேசவில்லை. "பாப்பா, அன்னிக்கு நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. நீ வலிக்குதுன்னு வந்தே. நான் ஊரைப் பத்திப் பேசினேன். என்னை மன்னிச்சுடு" என்றாள். அடுத்து மைக்கை என் பக்கம் திருப்பினாள். "நானும்தான்" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அந்த ஒன்று திரையில் அசையாமல் நின்றது.

அதற்கப்புறம்தான் விருந்து யோசனை வந்தது. கூட்டு விருந்து எங்களை விட்டுவிட்டு நடந்துகொண்டுதான் இருந்தது. நூலகரிடம் போய்க் கேட்டேன். அவர் நல்ல மனுஷர், ஒன்றும் கேட்காமல் தலையாட்டினார். வெப்சைட்டைப் புதிதாகச் செய்தேன். முற்றத்தை மேலேயிருந்து பார்க்கிற மாதிரி வரைந்து ஒவ்வொரு நாற்காலியையும் போட்டேன். என் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியை மட்டும் யாரும் பதிய முடியாதபடி பூட்டினேன். ஒரு மாதம் முழுக்கத் தினமும் மூன்று மணிக்குச் சொன்னோம். "ஞாயித்துக்கிழமை பன்னிரண்டு மணிக்கு. ஸ்பீக்கர் கிடையாது, மைக் கிடையாது. அம்மா எலுமிச்சை கேக் பண்றேன். நீ வந்து உக்காந்தா போதும், எதுவும் பேச வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கே போய்விட்டோம். அன்றைக்குத் தட்டோடு நின்ற அறுபது பேரில் பாதிப் பேராவது வந்திருந்தார்கள். எல்லோருக்கும் விஷயம் தெரியும். எல்லோரும் கேட்டைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. யாரோ வெறும் நாற்காலி என்று நினைத்து அதில் உட்காரப் போனபோது என் மனைவி போட்ட சத்தத்தில் ஒரு குழந்தை அழுதுவிட்டது. இரண்டு மணிக்கு, "பஸ் கிடைச்சிருக்காது" என்றாள். மூன்று மணிக்கு, "இதுக்கு மேல வந்தா கூட்டம் இருக்காது, அதுதான் அவளுக்கு நல்லது" என்றாள். நாலரை மணிக்கு நூலகர் நாற்காலிகளை மடக்கினார். எங்கள் மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உள்ளே கொண்டு போனார். ஐந்தரைக்கு நானே எழுந்து அந்த மூன்றையும் மடக்கினேன். கேக்கை அவள் வெட்டவே இல்லை.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு நான் ஒலிபரப்பைத் திறந்தேன். துறைமுகப் பட்டணம், ஒன்று.

மனைவி என் பின்னால் நின்று அதைப் பார்த்தாள். நான் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் முகம் இறுகிவிட்டது.

"கேட்டுக்கிட்டுதான் இருக்கா" என்றாள். "அவ்வளவும் கேட்டிருக்கா. நான் மன்னிப்புக் கேட்டதைக் கேட்டா. நான் அழுததைக் கேட்டா. கேட்டுட்டு அங்கேயே உக்காந்திருக்கா. இன்னிக்கும் என்ன பேசறாங்கன்னு வேடிக்கை பாக்க வந்துட்டா."

"அப்படிச் சொல்லாதே. அவளுக்கு என்ன கஷ்டமோ."

"என்ன கஷ்டம்? என் மக இவ்வளவு கல்நெஞ்சுக்காரின்னு எனக்குத் தெரியாம போச்சே."

என்னைத் தள்ளிவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள். ஸ்லைடரை அவளே ஏற்றினாள். "கேக்கறேன்னு தெரியும். நல்லா கேட்டுக்கோ. உனக்கு நாங்க வேண்டாம்னா எனக்கும் நீ வேண்டாம். இனிமே எனக்கு மக இல்ல." அதோடு நிறுத்தினாள். எழுந்து போகவில்லை. மைக்கையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பாட்டுப் போடத் தோன்றவில்லை. ரேடியோ ஆரம்பித்த நாளிலிருந்து முதல் தடவையாக எங்கள் அலைவரிசையில் ஒரு சத்தமும் இல்லை.

ஒரு நிமிடம் ஆகியிருக்கும். என் போனில் ஒரு மெயில் வந்து விழுந்தது. 'எச்சரிக்கை: உங்கள் வானொலியில் அறுபது வினாடிகளாக ஒலி இல்லை.'

எனக்கு முதலில் புரியவில்லை. யார் அனுப்பியது என்று திறந்து பார்த்தேன். ஒலிபரப்புக்கு நடுவே சத்தம் நின்றுபோனால் உடனே தகவல் சொல்கிற ஓர் இலவசச் சேவை. அவர்களுடைய இயந்திரம் ஒன்று, ஒலிபரப்பு இருக்கிற நேரம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் மெயில் போடும். பதிவு செய்தது நான்தான், ரேடியோ ஆரம்பித்த முதல் நாளே. இயந்திரம் இருக்கிற ஊர் துறைமுகப் பட்டணம் என்று மெயிலின் அடியில் இருந்தது, அதன் இணைய எண்ணும் இருந்தது. என் நேயர் பட்டியலில் இருந்த அந்த ஒன்றின் இணைய எண்ணையும் மெயிலில் இருந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாத்திரை டப்பாவில் எழுத்துப் பார்க்கிற கண் எனக்கு. ஒரு புள்ளி கூட மாறவில்லை.

கேட்டது அவள் இல்லை. ஒரு நாள் கூட இல்லை. நாங்கள் நாலு மாதமாக ஒரு டப்பாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தோம். இதைச் சொன்னால் இவள் தாங்க மாட்டாள். சொல்லாவிட்டால், எதையுமே கேட்காத ஒரு பெண்ணை இவள் ஆயுசுக்கும் சபித்துக்கொண்டிருப்பாள். நான் மைக்கின் ஸ்லைடரைக் கீழே இறக்கினேன். இந்தத் தடவை இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகு சொன்னேன்.

அவள் மெயிலை மூன்று தடவை படித்தாள். கத்துவாள், என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்போ நேத்து விருந்துக்கு நாம கூப்பிட்டது அவளுக்குத் தெரியாது."

"தெரியாது."

"இப்ப நான் சொன்னது?"

"அதுவும் தெரியாது."

அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சு விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் பொண்ணு கல்நெஞ்சுக்காரி இல்ல" என்றாள். அப்புறம் என் போனை எடுத்து என் கையிலேயே திணித்தாள். "உங்க அக்காவுக்குப் போடுங்க. கால்ல விழுங்க. இல்ல நான் விழறேன்."

இதை மூன்று வருடம் முன்பே செய்திருக்கலாம். வீராப்பு தடுத்தது என்று சொல்லிக்கொள்வேன். இந்த நாலு மாதம் வீராப்பும் இல்லை. தினம் திரையில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்காவை எதற்குக் கெஞ்ச வேண்டும் என்று இருந்துவிட்டேன். அக்கா வீடு இங்கிருந்து அரை மணி நேரப் பஸ் தூரம். அவளுக்கு இன்டர்நெட் என்றால் கரண்ட் பில் கட்டுகிற இடம், அவ்வளவுதான்.

அக்கா உடனே போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, நான்தான்."

"யாருடா போயிட்டாங்க?" என்றாள் அக்கா பதறி.

"யாரும் போகலக்கா. நாங்க நல்லாத்தான் இருக்கோம். பாப்பா நம்பர் வேணும்."

அக்கா அந்தப் பக்கம் டிவியை நிறுத்தினாள்.

"போன மாசம் கிளம்பிட்டாடா. வெளிநாட்டுல வேலை. போறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் இங்கதான் வந்து தங்கினா. போய்ச் சேர்ந்து நம்பர் அனுப்பறேன்னா, இன்னும் வரல." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "கிளம்பறப்போ செருப்பை மாட்டிக்கிட்டே கேட்டா. அம்மாவும் அப்பாவும் என்னைப் பத்தி எப்பவாவது கேட்டாங்களா அத்தைன்னு. நான் என்னத்தைச் சொல்லட்டும்? மூணு வருஷத்துல நீங்க ஒரு தடவை கூடக் கேக்கலையே. உள்ளதைச் சொன்னேன்."

மனைவி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

"அண்ணி, நாங்க பேசினோம் அண்ணி. தினமும் பேசினோம். மூணு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும், ஒரு நாள் விடாம பேசினோம்."

"யார்கிட்ட பேசினீங்க?" என்றாள் அக்கா.

மனைவி போனைக் காதோடு வைத்தபடி என்னைப் பார்த்தாள்.